யார் வீட்டுச் சர்க்கரை

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் காலர். எட்டு வருஷமாகக் காலர் மட்டுமே தைக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒரு நாளைக்கு நானூறு கழுத்து அவள் கைவழியாகப் போகும். ஒரு முழுச் சட்டையை அவள் தைத்ததே கிடையாது. அவள் கதையைத்தான் சொல்லப் போகிறேன், கண்ணுகளா. சர்க்கரைக் கதை இப்படிக் கசக்கிறதே என்று என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

காலருக்கு அப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில் நாலு மாதம். மூத்தது பெண், மூன்று வயது. வலது கை தோளிலிருந்து தொங்கும். பிறக்கும்போது தலை வந்துவிட்டது, தோள் உள்ளே மாட்டிக்கொண்டது. பிள்ளையைக் காப்பாற்ற இழுத்த இழுப்பில் கழுத்து நரம்பு நைந்துவிட்டது. பிறந்த எடை நாலரை கிலோ. இப்போதும் உடுப்பு மாட்டினால் அந்தக் கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும். நல்ல கை தானாக வந்துவிடும்.

மாமியார் இஸ்திரிக் கடை வைத்திருந்தவள். நீராவி இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை, அதனால் தெருவுக்கே அவள் மைக். அந்த நாலரை கிலோவைத் தன் பெருமையாக எடுத்துக்கொண்டாள், தொங்கும் கையை மருமகள் தலையில் கட்டிவிட்டாள். "எங்க வம்சத்து உடம்பு அது. இவளுக்குத் தள்ளத் தெரியல," என்பாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குவான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை என்றால் மட்டும் ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவான்.

கர்ப்பிணிகள் பதிவு செய்கிற அறைக்கு மாமியாரும் கூடவே வந்தாள். உட்கார ஒரே நாற்காலி. அதில் மைக் உட்கார, வயிற்றுக்காரி நின்றாள். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த சிஸ்டர் தலையைத் தூக்காமலே படிவத்தை நிரப்பினாள்.

"முந்தின பிரசவம்?"

"சுகப்பிரசவம்," என்றாள் மைக். "பொண்ணு. நாலரைக் கிலோ! வார்டே கூடி வந்து வேடிக்கை பார்த்துச்சு."

சிஸ்டரின் பேனா நின்றது. "நாலரையா?"

"ஒரு கிராம் குறையாது."

"இதைப் பெருமையாச் சொல்றீங்க. எனக்கு இதுதான் பயம். குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

"எங்க குடும்பத்துலயா? ஒருத்தருக்கும் கிடையாது. என் வீட்டுக்காரர் கல்லைத் தின்னாலும் செரிப்பார்."

முதல் பிரசவத்திலும் இதே கேள்வி வந்தது. இதே வாய் இதே பதிலைச் சொன்னது. அப்போது இருந்தவள் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். 'உண்டு' என்றால்தான் அங்கே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுப்பார்கள். மைக் பொய் சொல்லவில்லை, கண்ணுகளா. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் குடும்பம் என்றால் அது புகுந்த வீடுதான் என்று சத்தியமாக நம்பினாள்.

இந்தச் சிஸ்டர் வேறு ரகம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"உங்க வீட்டுக்காரர் எதைச் செரிச்சாருன்னு நான் கேக்கல. இவளைப் பெத்தவங்களுக்கு இருக்கா?"

"இவ இப்ப எங்க குடும்பம்தானே?"

"ரத்தத்துக்கு மாமியார் வீடு தெரியாதும்மா. நீ சொல்லு. உனக்கு வாய் இருக்குல்ல?"

வாய் இருந்தது. அதைத் தைத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மைக் போட்ட முதல் நிபந்தனையே, "சர்க்கரை இருக்கிற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்" என்பதுதான். காலருடைய அம்மாவின் கால் விரலில் அன்றைக்குக் கட்டு. ஆறாத புண். "செருப்பு கடிச்சிருச்சு" என்று அம்மா சிரித்தாள். பிறகு உள்ளே கூட்டிப்போய் மகளின் முழங்கையைக் கிள்ளினாள். "வாயைத் திறந்தே, உனக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் கிடையாது. பார்த்துக்கோ."

காலர் சிஸ்டரைப் பார்த்தே கேட்டாள். "பெத்தவங்களுக்கு இருந்தா என்ன ஆகும்?"

"உனக்கும் மாசமா இருக்கிறப்ப வரலாம். உன் ரத்தத்துல இனிப்பு கூடுனா பிள்ளைக்கும் போகும். தின்னு தின்னு கொழுக்கும். தோள் பெருத்து மாட்டும்."

"முன்னாடியே தெரிஞ்சா?"

"சாப்பாட்டைப் பார்த்துக்கலாம். தேவைன்னா ஊசி. பிள்ளை அளவா வளரும்."

"அப்போ என் பெரிய பொண்ணு கை..."

சிஸ்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்ப யாரும் சோதிக்கல. சர்க்கரையாலதான்னு இப்ப அடிச்சுச் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம்."

சொன்னால் வீடு பற்றி எரியும். சொல்லாவிட்டால் இன்னொரு தோள். காலர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"இருக்கு. எங்க அம்மாவுக்கு. ஊசி போட்டுக்கிறாங்க."

மைக் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. "அடிப்பாவி! ஆத்தாளும் மகளும் சேர்ந்து என் தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்களே!"

"வெளியில போய்க் கத்துங்க," என்றாள் சிஸ்டர். "நீங்க கத்துறதுக்கு என் படிவத்துல இடமில்ல."

வெளியில் போய்க் கத்தினாள். வாசல்வரைக்கும், பஸ்ஸிலும், வீட்டு மாடிப்படியிலும் கத்தினாள். "பொய்யில விளைஞ்ச கல்யாணம்" என்றாள். புருஷன்காரன் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் பெண்டாட்டியைப் பார்த்து, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றான்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் யோசித்தான். "அம்மாகிட்டச் சொல்லியிருப்பேன்," என்றான் உண்மையாகவே.

மறுவாரம் வெறும் வயிற்றோடு போய், குமட்டுகிற இனிப்புத் தண்ணீரைக் குடித்து, ரெண்டு மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை விரலைக் குத்திப் பார்க்கச் சொல்லி ஒரு சின்ன மெஷின் கொடுத்தார்கள். ஊசிக்குப் பயந்தவளா அவள்? தையல்காரி. ஆனால் விரல் நுனி காய்த்துப் போயிருந்ததால் ரத்தம் வரவில்லை. பக்கவாட்டில் குத்தக் கற்றுக்கொண்டாள்.

தொழிற்சாலையில் மத்தியானம் சாப்பிட்டதும் துணிக் கட்டுகளுக்கு நடுவே இருபது நிமிஷம் நடப்பாள். பட்டன் தைக்கிறவள் ஒருநாள், "என்ன காலர், போலீஸ் வேலைக்குப் போறியா? ரோந்து பலமா இருக்கு," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் கட்டுகளை யாரும் போடவில்லை.

வீட்டில்தான் வழி கிடைக்கவில்லை. மைக் சோற்றை மலைபோல் குவித்து எதிரில் வைப்பாள்.

"பாதி போதும் அத்தை. காய் இன்னும் கொஞ்சம் வைங்க."

"என் பேரப்பிள்ளையைப் பட்டினி போட்டு எலிக்குஞ்சாப் பெத்துப் போடப் போறியா?"

"எடுத்துடுங்க."

"தின்னு."

"இந்த வயித்துக்கு என்ன போகணும்னு நான்தான் சொல்லுவேன்," என்று பாதிச் சோற்றைப் பானையிலேயே திருப்பிக் கொட்டினாள். மைக் அன்றைக்கு எதுவும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாளும் மலைதான். மறுநாளும் பானைதான். இப்படியே மூன்று மாதம்.

காலரின் அம்மாவுக்கு அந்த வீட்டில் கால் வைக்க முடியாது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள், வேலை முடிந்து சீருடையோடேயே தொழிற்சாலை வாசலுக்கு வந்தாள். நொண்டி நொண்டி நடந்தாள்.

"ஏண்டி சொன்னே?"

"ஏம்மா சொல்லல?"

"உன் மாமியார் போன் போட்டு என்னை என்னென்ன சொன்னா தெரியுமா? காது கூசுது."

"கூசட்டும். உனக்குச் சர்க்கரை எப்ப வந்துச்சு?"

அம்மா தெருவைப் பார்த்தாள். "உன்னை வயித்துல வச்சிருந்தப்ப. பெத்ததும் போயிருச்சு. பத்து வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து உட்கார்ந்துக்கிச்சு."

காலருக்குப் பேச்சு மெல்ல வந்தது. அதுதான் பயங்கரம்.

"அப்போ உனக்கு எல்லாம் தெரியும். என் முதல் பிரசவத்துல பக்கத்துலயே உட்கார்ந்திருந்தே. பிள்ளை பெருசுன்னு எல்லாரும் சிரிச்சப்ப நீயும் சிரிச்சே."

"பிள்ளைக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது. உன் வாழ்க்கை நல்லா இருக்கணும்னுதான்..."

"என் வாழ்க்கை நல்லாத்தான் இருக்கு. என் பொண்ணுக்குத்தான் ஒரு கை குறைச்சல்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலர் தாங்கிப் பிடிக்கவில்லை. "பிரசவத்துக்கு வராதே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் தைத்த காலர்களில் பன்னிரண்டு கோணிப்போய்த் திரும்பி வந்தன. அந்தக் கோபத்தில் பாதி தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? கோபம் பங்கு போட்டுக்கொண்டு குறைகிற சாமானா?

கடைசி மாதங்களில் ஊசியும் சேர்ந்தது. நாள் நிறையும் முன்பே, முப்பத்தெட்டாம் வாரத்தில் வலி வரவைத்தார்கள். ஒரு காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு மறுநாள் மத்தியானம் பிறந்தது. ஆண். மூன்று கிலோ முந்நூறு. தோள் மாட்டவில்லை. காலர் கேட்ட முதல் கேள்வி, "கையை அசைக்குதா?" என்பது. துணி சுற்றியிருந்ததால் யாரும் சரியாகப் பார்த்துச் சொல்லவில்லை.

வார்டில் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் படிவம் எழுதிய அதே சிஸ்டர் வந்து பிள்ளையின் குதிகாலில் குத்தி மெஷினில் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"முப்பத்தாறு. இறங்கியிருக்கு. வயித்துக்குள்ள இனிப்பு தாராளமா வந்துச்சு. கொடியை வெட்டுனதும் நின்னுபோச்சு. இவன் உடம்புக்கு அது தெரியாம, இருக்கிறதையும் கரைச்சுக்கிட்டிருக்கு. உடனே பால் கொடு."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் மைக் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"யார் பாலை? சர்க்கரைக்காரி பாலையா? கொடுத்தா இவனுக்கும் ஒட்டிக்கும். டப்பாப் பால் கொண்டாங்க!"

"பால்ல ஒட்டாதும்மா," என்றாள் சிஸ்டர். "தாய்ப்பால்தான் இப்ப இவனுக்கு மருந்து. நேரம் ஆக ஆக இவன் சோர்ந்து போவான். கொடுங்க."

"நீங்க எல்லாம் ஒரு கட்சி. ஒரு பிள்ளையைக் கெடுத்தது போதாதா?"

பிள்ளை அழவில்லை. அதைத்தான் காலர் கவனித்தாள். கத்துகிறவள் கையில் கிடந்தும் அது கண்ணை மூடிக்கொண்டு தொய்ந்து கிடந்தது. விரல் மட்டும் நடுங்கிற்று. அவள் படுக்கையிலிருந்து காலை இறக்கினாள். தையல் போட்ட இடம் சுரீரென்றது. எழுந்து நின்றாள்.

"கொடுங்க."

"மாட்டேன்."

"மூத்தவளை உங்க பேச்சு பாதி, எங்க அம்மா பேச்சு பாதின்னு விட்டேன். இவனை விட மாட்டேன். கையை எடுங்க அத்தை. இல்லேன்னா பேரன்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க."

கத்தவில்லை. ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது. வாசலில் நின்ற லிஃப்ட்காரன் உள்ளே வந்தான். அம்மாவின் முழங்கையைப் பிடித்தான். "குடும்மா," என்றான். பிறந்ததிலிருந்து அவன் அம்மாவிடம் போட்ட முதல் உத்தரவு அதுவாகத்தான் இருக்கும். மைக்கின் பிடி தளர்ந்தது.

பிள்ளை முதலில் வாய் வைக்கவில்லை. சிஸ்டர் மார்பை அமுக்கி ஒரு கரண்டியில் சொட்டுச் சொட்டாக எடுத்து உதட்டில் விட்டாள். நாலாவது சொட்டில் நாக்கு வந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. மைக் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

முக்கால் மணி கழித்துச் சிஸ்டர் மறுபடி வந்தாள். துணியை முழுக்கப் பிரித்தாள். குதிகாலில் ஊசி பட்டதும் பிள்ளை வீறிட்டது. அந்த அதிர்ச்சியில் ரெண்டு கையும் தோளிலிருந்து விரிந்து, ஒரே உயரத்துக்கு எழும்பி, எதையோ கட்டிப் பிடிக்கிற மாதிரி ஒன்றாக இறங்கின.

ஜன்னலிலிருந்து மைக் திரும்பியிருந்தாள். வாய் பிளந்திருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"ஐம்பத்திரண்டு," என்றாள் சிஸ்டர். "ஏறிக்கிட்டிருக்கு. இப்படியே மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடாமக் கொடுக்கணும். ஆறு வாரம் கழிச்சு நீயும் வந்து ரத்தம் கொடுக்கணும். போயிருச்சுன்னு இருந்துடாதே. உங்க அம்மாவுக்கும் போயிருச்சுன்னுதானே போன மாசம் சொன்னே?"

காலர் பிள்ளையின் வலது கையைத் தூக்கினாள், விட்டாள். மறுபடி தூக்கினாள். அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அழுதாள். இவனுக்காக இல்லை. வீட்டில் பக்கத்து வீட்டாரோடு விட்டு வந்த மூத்தவளுக்காக.

மைக் சமாதானம் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் இருவருக்கும் பேச்சில்லை. பால் நேரம் வந்தால் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிடுவாள். இழுத்துவிட்டு, உள்ளே பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று திரைக்கு வெளியே நின்று காது கொடுப்பாள்.