பத்துக் கப்பல், பத்து நிறம்

பன்னிரண்டாயிரம் வரிகள் கொண்ட பழைய காவியம் அது. தொலைந்துபோன அரசனைத் தேடிப் பத்துக் கப்பல்கள் புறப்படும். கடைசியில் பத்தும் மூழ்கும். அதைப் பத்தே பக்கமாக்கி, வாயில் வைத்துக் கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டையில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நிறம் சொல்லித்தரும் புத்தகமாகப் போடவேண்டும் என்றார் எங்கள் பதிப்பக முதலாளி. பக்கத்துக்கு ஒரு கப்பல், கப்பலுக்கு ஒரு நிறத்தில் பாய்.

"மூழ்குறத என்ன சார் பண்றது?" என்று கேட்டேன்.

"குழந்தைங்க புத்தகத்துல எதுக்குய்யா மூழ்கணும்? எல்லாம் கரை சேரட்டும். சிரிக்கிற மாதிரி ஒரு சூரியனையும் போட்டுடு."

அந்தக் காவியத்துக்கு உரை எழுதப் பதினோரு வருடம் செலவழித்தவன் நான். அந்த உரை கிடங்கில் கட்டுக் கட்டாகத் தூங்குகிறது. பெரியவர்களுக்கான பிரிவை இழுத்து மூடிய பிறகு எனக்கு மிஞ்சியது குழந்தைப் பிரிவில் ஒரு மேசை. அதையும் விட்டால் தெருவில் நிற்கவேண்டியதுதான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. பிறவியிலேயே அப்படி. சின்ன வயதில் அதைக் கண்டுபிடித்த அன்றே அம்மா, "யார்கிட்டயும் மூச்சு விடாத. நாளைக்கு உனக்கு எவனும் பொண்ணு குடுக்கமாட்டான்" என்றாள். மூச்சு விடவில்லை. பெண்ணும் கொடுத்துவிட்டார்கள். மனைவிக்கு இன்றுவரை தெரியாது. அடர்த்தியாகத் தெரிந்தால் சிவப்பு, வெளிறித் தெரிந்தால் பச்சை என்று குத்துமதிப்பாகவே முப்பத்தெட்டு வருடம் ஓட்டிவிட்டேன். அப்படிப்பட்டவன் தலையில்தானா இந்தப் புத்தகம் வந்து விழவேண்டும்?

ஓவியர் பத்துப் படங்களையும் வரைந்து கொடுத்துவிட்டு இரண்டு மாத விடுப்பில் போய்விட்டார். நான் எழுதிய வரிகளை அச்செடுத்து, வெட்டி, ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒட்டி, டம்மி என்று நாங்கள் சொல்லும் மாதிரிப் புத்தகத்தைச் செய்யவேண்டும். பக்கத்து மேசையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் காவியத்துக்கே உரை எழுதியவன் எழுந்துபோய், 'இது என்ன நிறம்?' என்று கேட்பதா? அடர்த்தியாகத் தெரிந்த பாயின் கீழே 'சிவப்புப் பாய் விரிச்சாச்சு' என்ற வரியையும், வெளிறித் தெரிந்ததன் கீழே 'பச்சைப் பாய் ஏத்தியாச்சு' என்ற வரியையும் ஒட்டினேன்.

டம்மி தினமும் மாலையில் என் பையில் வீட்டுக்கு வரும், காலையில் அலுவலகம் திரும்பும். என் மகள் பாப்பாவுக்கு அப்போது இரண்டே கால் வயது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். மதியம் போனால் பாப்பா தூங்கிய பிறகுதான் வருவாள். நான் வரும்வரை பாப்பாவைப் பார்த்துக்கொண்டது கீழ்வீட்டு அக்கா. மனைவி சுவரில் ஒட்டியிருந்த வண்ணப் படத்தை நான்தான் கிழித்துப் போட்டேன். என் மகள் நிறங்களை இலக்கியத்தில்தான் முதலில் பார்ப்பாளாம்! அக்காவிடமும், "நிறம் மட்டும் நீங்க சொல்லித்தர வேண்டாம். அது என் பொறுப்பு" என்று கறாராகச் சொல்லிவைத்தேன். தினமும் வந்ததும், அக்கா கிளம்புமுன்பே, பாப்பாவை மடியில் வைத்து டம்மியை விரித்து நிறம் சொல்லித்தந்தேன்.

ஒருநாள் அக்கா தயங்கித் தயங்கி, "சார், பாப்பா செவப்பப் பாத்துப் பச்சைங்குது" என்றார்.

"குழந்தைங்க அப்படித்தான் சொல்லும். புத்தகத்துல இருக்கு, போகப்போகச் சரியாயிடும்" என்று வாயை அடைத்தேன்.

ஓவியர் திரும்பி வந்து டம்மியைப் புரட்டியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "செவப்பையும் பச்சையையும் மாத்தி ஒட்டின மகராசன் யாருய்யா?" இந்த முறை பச்சையை அவர் அடர்த்தியாகப் போட்டிருக்கிறார். அவசரத்தில் சீட்டு இடம் மாறியிருக்கும் என்று நானும் சிரித்து வைத்தேன். சீட்டுகளை அவரே பிரித்து மாற்றி ஒட்டினார். புத்தகம் சரியாகவே அச்சாகி வந்தது. முதல் பிரதியை ஆசையாக எடுத்துப்போய்ப் பாப்பாவிடம் காட்டினேன். பழைய கப்பலுக்குப் புதுப் பெயர் சொன்னதும், "இல்லப்பா, இல்ல" என்று அழுது புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள்.

அடுத்த வாரம் மனைவிக்கு விடுமுறை. குளியலறையில், "அந்தச் செவப்பு வாளிய எடு கண்ணு" என்றிருக்கிறாள். பாப்பா பச்சை வாளியை இழுத்து வந்தாள். மூன்று முறை. மனைவி பதறிப்போய் மறுநாளே எங்களைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் மரக்கட்டைகளைக் கொட்டினார். பாப்பா சிவப்போடு சிவப்பையும் பச்சையோடு பச்சையையும் அழகாகச் சேர்த்து அடுக்கினாளாம். எனக்கென்ன தெரியும், டாக்டர் சொன்னார்.

"கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. பேர யாரோ மாத்திச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வீட்டுல யாருக்காவது நிறம் பிரிச்சுத் தெரியாத பிரச்சனை உண்டா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா கை துடைத்துக்கொண்டே மேலே வந்தார்.

"நான் நெறமே சொல்லித் தரலம்மா. சார்தான் சொல்லக்கூடாதுன்னாரு. அவர்தான் டெய்லி புத்தகத்த வச்சுச் சொல்லித் தருவாரு. பாப்பா மாத்திச் சொல்லுதுன்னு நான் அப்பவே சார்கிட்ட சொன்னேனே."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்ன போயிருக்கும்? மேசை போயிருக்கும். அம்மா மறைத்தது வெளியே வந்திருக்கும். மானம் போயிருக்கும். ஆனால் எனக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. அலமாரியிலிருந்து அச்சான புத்தகத்தை எடுத்து மனைவி கையில் கொடுத்தேன்.

"நீயே பாரு. இதுலதான் சொல்லித்தர்றேன். எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அவள் பத்துப் பக்கத்தையும் புரட்டினாள். அக்கா எட்டிப் பார்த்து, "இது இல்ல சார், அது வேற புத்தகம், ஒட்டு ஒட்டா இருக்கும்" என்றார்.

"எந்தப் புத்தகம்? எங்கிட்ட எப்ப சொன்னீங்க?" என்றேன்.

அக்கா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். என்னையே பார்த்தார். தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் கண் அல்ல, நான் எப்பேர்ப்பட்டவன் என்பது.

"தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பேன்" என்றாள் மனைவி. "செஞ்சதும் இல்லாம அவர் மேலயே பழி போடறீங்க. நாளைலேர்ந்து வரவேண்டாம்."

அக்கா பாப்பாவின் தலையைத் தடவினார். இங்கே வைத்திருந்த தன் மாற்றுத் துணியையும் சீப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். அடுத்த தெருவில் இருக்கும் மகளிடம் போவதாகக் கீழே யாரிடமோ சொல்வது கேட்டது. பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கத்தினாள்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே யாரையும் நம்பவேணாங்க. நீங்களே உக்காந்து முதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க. நீங்க சொன்னா அவ கேப்பா." சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கீழே அக்கா தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார். பாப்பா விரலை நீட்டினாள்.

"அப்பா, அக்கா பை என்ன கலர்?"

அடர்த்தியாகத் தெரிந்தது. "சிவப்பு" என்றேன்.

"சிவப்பு" என்று பாப்பாவும் சொன்னாள்.