ஐந்நூறு சொற்களுக்குள் ஒரு மாணவி

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் எட்டு சிங்குகள் இருக்கின்றன. எதிலும் தண்ணீர் வராது. நான்கு வருடங்களாக வேதியியல் வகுப்புக்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை, துப்புரவு அறையிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கி வருவதுதான். மேற்கு வர்ஜீனியாவில் ஆற்றங்கரை ஊர் எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும். கால்பந்து மைதானத்துக்குப் புது விளக்குகள் வந்தன, அதுவும் தெரியும்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தைக் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். அது பொய் இல்லை. அதனால் என்னைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் அறக்கட்டளைகளின் படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு தனி வித்தை. சிங்க் என்று எழுதினால் ஒரு சல்லி வராது. பழசைச் சரிசெய்ய எவரும் கொடுக்க மாட்டார்கள். புதிதாக எதையாவது தொடங்க வேண்டும், அதில் அவர்கள் பெயர்ப்பலகை மாட்ட வேண்டும். முன்பு ஒருவர் கொடுத்த முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் போடப் பிளாஸ்டிக் வாங்க வழியில்லை. நான் அதன்மேல் என் கோட்டைக் கழற்றிப் போடுகிறேன்.

ஆகவே போன வருடம் விட்காம் அறக்கட்டளைக்கு எழுதியபோது சிங்க் என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டேன். ‘நீர்த்தர ஆய்வு மையம்’ என்று எழுதினேன். முதல் வருடம் ஆற்று நீரைச் சோதிக்கும் கருவிகள், இரண்டாம் வருடம் அந்த மையத்துக்கு வேண்டிய குழாய்கள். எனக்கு வேண்டியது அந்த இரண்டாம் வருடம்தான்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. உங்கள் மாணவர் ஒருவரின் கதையை ஐந்நூறு சொற்களுக்குள் சொல்லுங்கள் என்றது.

ரேலின் ஸ்டம்போவைப் பற்றி எழுதினேன். பதினோராம் வகுப்பு. இருபது வருட வேலையில் எனக்குக் கிடைத்த கூர்மையான மூளை அவளுடையது. அவள் அம்மா வெர்னா, காசு போட்டால் ஓடும் மெஷின்கள் வைத்த லாண்டரி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாள். மலை மேலே இருக்கும் அவர்கள் வீட்டுக்கு இன்டர்நெட் எட்டாது. அதனால் ரேலின் லாண்டரியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் செய்வாள். ஒருநாள், உன் நோட்டில் மட்டும் ஏன் சோப்பு வாசனை என்று கேட்டபோது, இன்னொன்றும் சொன்னாள். அந்தக் குளிர்காலத்தில் பணம் கட்டாததால் வீட்டு மின்சாரத்தைத் துண்டித்தபோது அம்மாவும் அவளும் பதினோரு நாட்கள் லாண்டரியிலேயே படுத்திருந்தார்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ். அம்மாவுக்கு வேலை போயிடும்," என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

எழுதும்போது அவள் பெயரை ‘ஆனா’ என்று மாற்றினேன். ஊர் பெயரை விட்டுவிட்டேன். படிக்கப்போவது எங்கோ தூரத்து நகரத்தில் நாலு பேர், இதில் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு லாண்டரி.

பணம் கிடைத்தது. அக்டோபரில் விழா. உள்விளையாட்டு அரங்கில் மொத்தப் பள்ளியும் கூடியிருந்தது, பேண்டு வாசித்தது, அறக்கட்டளையிலிருந்து கோபர்ன் என்பவர் கதவு அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலையோடு வந்திருந்தார். அதை வங்கியில் போட முடியாது, போட்டோவுக்கு மட்டும்தான். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். எங்கள் தலைமையாசிரியர் டுவைட் ஹென்ஸ்லி பக்கத்தில் வந்து காதைக் கடித்தார்.

"லோர்னா, கொஞ்சம் தூக்கிப் பிடி. உன் மூஞ்சி மறையுது. சிரி."

நான் சிரித்தேன். அப்போது கோபர்ன் மறுகையால் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"உங்க டீச்சர் எங்களுக்கு எழுதினத நீங்களும் கேக்கணும்," என்று சொல்லிப் படிக்கத் தொடங்கினார். நல்ல மனிதர். குரலும் நல்ல குரல். உலர்த்தும் மெஷினின் சூட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஆனா கணக்குப் போடுவதைப் படித்தார். பதினோரு நாட்களையும் படித்தார்.

முதலில் ஓரிரு தலைகள் திரும்பின, பிறகு வரிசை வரிசையாகத் திரும்பின. அரங்கின் மேல் படியில் உட்கார்ந்திருந்த ரேலின் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அட்டையைக் கீழே போட்டுவிட்டு மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். போதும் நிறுத்துங்கள் என்று கத்தியிருக்கலாம். போட்டோக்காரன் "இங்க பாருங்க" என்றான், பார்த்தேன். ஊர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்த அந்தப் படத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் ரேலின் வேதியியலை விட்டுவிட்டு, அந்த நேரத்துக்கு நூலகத்தில் சும்மா உட்காரும் வகுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கடை முதலாளி வெர்னாவின் வேலையைப் பறிக்கவில்லை. ராத்திரி தங்க முடியாதபடி கடைச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் தாழ்வாரத்தில் ரேலினை மறித்து மன்னிப்புக் கேட்டேன்.

"ஆனான்னு நல்ல பேரா வச்சிருக்கீங்க மிஸ்," என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

கருவிகள் வந்தன. நீரைச் சோதிக்கும் பளபளப்பான கருவிகள், காய்ந்த சிங்குகளுக்குப் பக்கத்தில். வாளி தூக்குவது நிற்கவில்லை. இரண்டாம் வருடப் பணம் வர வேண்டுமானால் வசந்த காலத்தில் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி, கதையில் வந்த மாணவி இப்போது எப்படி இருக்கிறார் என்று. கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. இரண்டு முறை விட்டுப் பார்த்தேன். நலம் என்று எழுதினேன், அழித்தேன். கடைசியில் உள்ளதை எழுதினேன். அவளைக் கேட்காமல் எழுதிவிட்டேன், அவள் எனக்கு ரகசியமாகச் சொன்னதைப் பணத்துக்காக விற்றேன், அவள் என் வகுப்பில் இப்போது இல்லை, தவறு முழுவதும் என்னுடையது. ஹென்ஸ்லியிடம் காட்டாமலே அனுப்பினேன். குழாய் போனாலும் போகட்டும் என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு மூச்சு லேசாக வந்தது.

இரண்டே நாளில் பதில் வந்தது. ஹென்ஸ்லி அதை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே ஓடி வந்தார்.

"கெட்டிக்காரிடி நீ! அறக்கட்டளை போர்டு மொத்தமும் அழுதிருக்காங்களாம். இப்படி ஒரு நேர்மைய அவங்க பாத்ததே இல்லையாம். வருஷாந்திர விருந்துல உன் அறிக்கையப் படிக்கப்போறாங்க."

"டுவைட், அது அறிக்கை இல்ல. நான் செஞ்ச பாவம்."

"என்னவா வேணா இருக்கட்டும். அந்தப் பொண்ணும் மேடைக்கு வரணுமாம். நீங்க ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சா போதும், குழாய் வந்த மாதிரிதான். அவ அம்மா கையெழுத்து வேணும், வாங்கிட்டு வந்துடு."

"வரலன்னா?"

அவர் என் வாளிகளைப் பார்த்தார். "உனக்கு வயசு ஐம்பத்தி மூணு லோர்னா. இன்னும் எத்தன வருஷம் தூக்குவ?"

சனிக்கிழமை மதியம் லாண்டரிக்குப் போனேன். வெர்னா யாருடைய போர்வையையோ மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "டீச்சர், துவைக்க வந்தீங்களா, எழுத வந்தீங்களா?" என்றாள். ரேலினைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் உள்பக்கம் கை காட்டினாள்.

ரேலின் மூலை மேசையில் இறைச்சி வைத்த பெப்பரோனி ரோல் ரொட்டி ஒன்றைக் கடித்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். என் வகுப்பின் வேதியியல் புத்தகம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை, விருந்து, மேடை, குழாய். எதையும் பூசி மெழுகவில்லை. சம்மதப் படிவத்தை மேசையில் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. "போன தடவ ஏன் மிஸ் என்னக் கேக்கல?"

"நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"அப்ப நான் வேண்டாம்னுதான் சொல்வேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

தெரியும். தலையாட்டினேன்.

"இப்பவும் வேண்டாம்," என்றாள்.

"சரி. எழுதிடறேன்." அங்கேயே போனை எடுத்துத் தட்டத் தொடங்கினேன். அவளுடைய மரியாதைக்காக, அவளுக்கு நேர்ந்ததற்காக, ஓர் ஆசிரியராக நான் கற்றுக்கொண்டதற்காக என்று நீண்டுகொண்டே போனது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"இதையும் அழுதுகிட்டே படிச்சிக் கைதட்டுவாங்க மிஸ்."

விரல் நின்றுவிட்டது. நல்ல வரிகள். அழகாக வந்திருந்தன. பணம் வந்தாலும் வந்துவிடும் என்று எனக்குள் ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். அந்த ஒருத்தியை எப்படி வெளியே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

"பின்ன என்னதான் எழுதறது?" என்று ஒரு குழந்தையைப் போல ரேலினிடமே கேட்டேன்.

"ஒண்ணும் எழுதாதீங்க. இல்லன்னு மட்டும் போடுங்க."

எல்லாவற்றையும் அழித்தேன். இல்லை என்று போட்டேன். அனுப்பும் வரை அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பியதும் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

"திங்கக்கிழமை வகுப்புக்கு வர்றியா ரேலின்?"

"இல்ல," என்றாள், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

திங்கட்கிழமை வாளிகளோடு துப்புரவு அறைக்குப் போனேன். அறக்கட்டளையிலிருந்து பதில் வந்திருந்தது. ஏன் இல்லை என்பதை ஐந்நூறு சொற்களுக்குள் எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பும்வரை போனில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.