பெட்டி காட்டிய எண்

ஒளிபரப்பு ஆவணக் காப்பகத்தில் பழைய செயற்கைக்கோள் சேனல்களின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருந்த தங்கைக்கு, அக்காவின் பதினொரு நோட்டுகளை மிஞ்சிய ஆதாரம் எதுவும் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், டிஷ் மாட்டுவதற்காக ஒரு பெண் ஏணியேறுவதைத் தெருவே அண்ணாந்து பார்த்த காலத்தில், எந்தத் தேதியில், எந்த எண்ணில், எந்தச் சேனல் தெரிந்தது, திரையில் என்ன ஓடியது என்று டிஷ் மெக்கானிக்கான அக்கா மாடிக்கு மாடி குறித்துவைத்தாள். அடுத்த வீட்டு டிஷ்ஷைத் திருப்பும்போது திண்டாடக் கூடாதென்று தொடங்கிய வேலை அது. போகப் போக அவளை விடாமல் பிடித்துக்கொண்டது.

அன்றைய சேனல்களில் பாதி, வந்த சுவடே தெரியாமல் போனவை. நடத்தியவர்கள் ஒரு நாடாவைக்கூடப் பாதுகாக்கவில்லை. அச்சிட்ட சேனல் வழிகாட்டியோ மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. இடையில் பிறந்து இடையிலேயே மறைந்தவற்றுக்கு அக்காவின் கோணல் கையெழுத்துதான் பிறப்புச் சான்றிதழ்.

சரிபார்ப்புக் குழு அதை ஏற்க மறுத்தது. குழுவின் மூத்தவர் ஒரு பொறியாளர். முன்பு தரை நிலையத்தில் இருந்து செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சிகளை ஏற்றியவர். தங்கை தட்டச்சு செய்து கொடுத்த பட்டியலை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவைத்தார். அந்தச் செயற்கைக்கோள் ஒளிபரப்பியது மூவாயிரத்து எழுநூற்றுக்கும் நாலாயிரத்து இருநூற்றுக்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில்; பட்டியலில் இருப்பதெல்லாம் ஆயிரத்துச் சொச்சம். இப்படிப்பட்ட எண்கள் வானத்திலேயே கிடையாது என்றார். வியாழக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் பதினொரு நோட்டும் ‘நம்பத்தகாதவை’ என்னும் அலமாரிக்குப் போய்விடும். அதற்குள் போனதை எந்த ஆய்வாளரும் மேற்கோள் காட்ட முடியாது.

அன்று மாலையே தங்கை அக்காவின் கடைக்குப் போனாள். இப்போது அங்கே கண்காணிப்புக் கேமராக்களுக்குத்தான் வேலை. அக்கா ஒன்றின் வயிற்றைத் திறந்துவைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். தங்கை சுற்றிவளைத்துக் கேட்டாள். வெயிலில் நின்று எழுதியது, ஏணியில் ஒரு கால், சுவரில் ஒரு கால், எண்கள் கொஞ்சம் முன்பின்னாகியிருக்குமோ என்றாள். அக்கா நிமிரவில்லை.

“நான் தப்பா எழுதியிருப்பேன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டியா?”

தங்கை மேசைமேல் கிடந்த திருகாணியை எடுத்துப் பார்த்தாள். ‘பிழை நேர்ந்திருக்க வாய்ப்புண்டு’ என்று குழுவின் முன் ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து விழுந்திருந்தது.

“சரிங்க ஆராய்ச்சி மேடம். கடையில ஆளுங்க காத்திருக்காங்க, நீங்க கெளம்புங்க.”

கடையில் அவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை.

புதன்கிழமை காலை, அலுவலகத்தில் தங்கை வேறு வழியில் இறங்கினாள். வழிகாட்டியிலும் நோட்டிலும் ஒருசேர வரும் முப்பது சேனல்களைத் தேர்ந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். வழிகாட்டி 3720 என்றபோது அக்கா 1430 என்றிருந்தாள். 3880க்கு 1270. 4120க்கு 1030. அது ஏற ஏற இது இறங்கியது. ஏதோ தோன்றிக் கூட்டிப் பார்த்தாள்: 5150. அடுத்ததும் 5150. முப்பதும் அப்படியே. கைதவறி எழுதுகிறவருக்கு முப்பது முறையும் ஒரே அளவில் கை தவறாது. உடனே அக்காவை அழைத்து, ஐயாயிரத்து நூற்றைம்பது என்றால் என்னவென்று கேட்டாள்.

பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அக்கா சொன்னாள். டிஷ்ஷின் முன்னால் மூக்குமாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. டப்பா, வானத்திலிருந்து வரும் எண்ணை ஐயாயிரத்து நூற்றைம்பதிலிருந்து கழித்து, மிச்சத்தைத்தான் கம்பி வழியே கீழே அனுப்பும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் முகப்பில் தெரிவது அந்த மிச்சம். மெக்கானிக் எழுதுவதும் அதைத்தான்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீ எங்கடி கேட்ட? தப்பா எழுதினியான்னுதான கேட்ட? எழுதல. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

தங்கை முதல் நோட்டைப் பிரித்தாள். எண்கள் இருந்த பத்திக்கு மேலே அக்கா எழுதியிருந்தது ‘நம்பர்’ என்ற ஒரே சொல். தட்டச்சு செய்யும்போது அதை மாற்றி, ‘செயற்கைக்கோள் அலைவரிசை’ என்று எடுப்பாகத் தலைப்பிட்டவள் தங்கைதான். மூலத்தில் ஒரு சொல்லையும் தொடக் கூடாதென்று மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பவள் அவள்.

வியாழனன்று அதைக் குழுவின் முன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாள். அருகில் அக்கா, கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தேர்வு நடத்த வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். பொறியாளர் தாமே நான்கு எண்களைப் பொறுக்கியெடுத்துக் கழித்துப் பார்த்தார். நான்கும் சரியாக விழுந்தன. ஆனாலும் அவர் எளிதில் மசிகிறவர் அல்லர். வழிகாட்டியில் இருப்பதை வழிகாட்டியைப் பார்த்தும் எழுதியிருக்கலாமே, அதில் இல்லாத ஒன்றைக் காட்ட முடியுமா என்றார்.

அக்கா நான்காம் நோட்டைப் புரட்டி அவர் பக்கம் நகர்த்தினாள். எண் 1190. அவர் கழித்தார்: 3960. பென்சில் அங்கேயே நின்றது. பிறகு குறிப்பை வாய்விட்டுப் படித்தார்: ‘ஆறு நாள் தெரிந்தது. கலர் பட்டை மட்டும். காலை பத்து மணிக்கு ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டு ஒன்று முதல் பத்துவரை எண்ணுகிறார். தினமும் ஏழு இல்லை. சேனல் பெயர் தெரியாது.’

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சேனல் தொடங்கவே இல்லை என்றார். ஒலி சரியாகப் போகிறதா என்று சோதித்த ஆறு நாட்களோடு நடத்த இருந்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். எண்ணியது அவருடைய குரல்.

“ஒருத்தரும் பாக்கலன்னுதாம்மா நெனச்சேன். ஏழ விட்டுட்டேனா?”

“ஆறு நாளும் சார். இப்பவாவது சொல்லிடுங்க, எழுதிக்கிறேன்.”

குழு முழுதும் சிரித்தது. அவரும் சிரித்து, பிறகு உண்மையாகவே, மெதுவாக, “ஏழு” என்றார். அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்து, அன்றைய தேதியிட்டு, பழைய குறிப்பின் கீழே அதை எழுதிக்கொண்டாள்.

பதினொரு நோட்டும் முதன்மை ஆதாரங்களின் அலமாரிக்குச் சென்றன. ஏற்புப் படிவத்தில் ‘உதவியவர்’ என்று அச்சாகியிருந்ததைத் தங்கை அடித்துவிட்டு, ‘நேரில் கண்டு பதிவு செய்தவர்: டிஷ் மெக்கானிக்’ என்று எழுதிக் கொடுத்தாள். பொறியாளர் கையெழுத்திட்டுவிட்டு, தம் குரல் பதிவான அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நகல் கிடைக்குமா, வீட்டில் காட்ட வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

படியிறங்கும்போது அக்காவின் கைபேசி ஒலித்தது. யாருக்கோ வாசல் கேமரா வேலை செய்யவில்லையாம்.

“நாளைக்கு வரேங்க,” என்றாள் அக்கா. “இன்னிக்கு நான் கொஞ்சம் பெரிய ஆளு.”

மறுமுனைக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. தங்கை அவள் தோளிலிருந்த கருவிப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நல்ல கனம்.