நீள்வட்டத்துக்கு வெளியே

மனைவி போய் நாலாவது மாதம் அவருக்கு ஓர் உண்மை தெரியவந்தது. முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளை அவர் ஓர் இடத்தில்கூட முழுசாக விட்டுவைக்கவில்லை. கேட்பதற்குக் கொலைக்கேஸ் மாதிரி இருக்கும். ஆயுதங்களும் இருந்தன. பதினோரு கத்தரிக்கோல்கள், ஒரு பிஸ்கட் டப்பாவில். ஒன்று அலை மாதிரி வெட்டும், ஒன்று ரம்பப்பல் மாதிரி, ஒன்று தபால்தலை ஓரம் மாதிரி. நேராக வெட்டுகிற கத்தரிக்கோல் மட்டும் அந்த வீட்டில் கிடையாது. பால் பாக்கெட்டின் மூலைகூட நெளிநெளியாகத்தான் திறக்கும்.

குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பொழுதுபோக்கு, ஆல்பம் செய்வது. படத்தை வாங்கி அப்படியே செருகிவைக்கிற சோம்பேறி வேலை அல்ல. படத்தை வெட்டி, ஓரத்துக்கு நெளி கொடுத்து, அடியில் வண்ணத்தாள் அடுக்கி, மூலையில் பூத்துளை போட்டு, ஜிகினாப் பேனாவால் தலைப்பு எழுத வேண்டும். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இந்தப் பைத்தியம் இருந்தது. நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் ஆல்பம் வட்டம் கூடும். எட்டுப் பெண்கள், அவர் ஒருவர். நாளடைவில் அந்தப் பெண்களுக்குப் பைத்தியம் தெளிந்து, ஒருத்தி தையலுக்கும் ஒருத்தி நீச்சலுக்குமாகப் பிரிந்து போனார்கள். அவருக்குத் தெளியவில்லை. கடைசி இரண்டு வருடம் அவர் தனியாக மாடியேறி, தனியாக வட்டம் கூடி, தனியாகக் கலைந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மனைவி முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த பிரசவ வார்டிலிருந்து தலைமை நர்ஸ் கூப்பிட்டார்.

“சார், புதுசா ஒரு பிரசவ அறை கட்டியிருக்காங்க. அங்க அக்கா படம் மாட்டலாம்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணியிருக்கோம். நல்ல பெரிய படமா. வெள்ளிக்கிழமை திறப்பு.”

“தாராளமா. எங்கிட்ட இல்லாத படமா?” நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் குரலில் கொஞ்சம் தெம்பு ஏறியது. பத்தொன்பது ஆல்பம் வைத்திருப்பவரிடம் படம் கேட்கிறார்கள்.

“ஒண்ணே ஒண்ணு சார். கை தெரியணும்.”

“கையா?”

“ஆமா சார். எத்தனை ஆயிரம் பிள்ளைங்களப் பிடிச்ச கை. வேலை நேரத்துல மூஞ்சிதான் பாதி மூடியிருக்குமே. எங்க எல்லாருக்கும் மனசுல நிக்கிறது அந்தக் கைதான்.”

“அதுக்கென்ன, கையோட தர்றேன்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

மத்தியானத்துக்குள் ஏழு ஆல்பம் பார்த்துவிட்டார். கை இல்லை.

முதலில் தற்செயல் என்று நினைத்தார். நட்சத்திர வடிவத்தில் வெட்டிய படத்தில் முகம் இருந்தது, ஒரு முனையில் காது இருந்தது, கை இல்லை. இதய வடிவப் படத்தில் இதயத்தின் கூர்முனை அவளுடைய முகவாயோடு முடிந்தது. கடற்கரைப் படத்தை மீன் வடிவத்தில் வெட்டியிருந்தார். மீனின் வாலுக்குள் அவளுடைய புடவை கொஞ்சம் பறந்தது. திருமணப் படங்களையாவது விட்டிருக்கலாம். வெள்ளிவிழாவுக்கு அவற்றை அறுகோணமாக வெட்டித் தேன்கூடு செய்திருந்தார். இருவரும் கைகோத்து நின்ற படம் இரண்டு அறைகளாகப் பிரிந்து, இந்த அறையில் அவர், அந்த அறையில் அவள், நடுவில் ஒட்டிய பிளாஸ்டிக் தேனீ.

‘தேவையில்லாதது எதுவும் வரைபடத்தில் இருக்கக்கூடாது’ என்று அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரி சொல்வார். குழாய்க்குச் சொன்னதை அவர் குடும்பத்துக்கும் எடுத்துக்கொண்டார்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். “என் போன்ல இருக்கிறதெல்லாம் கடைசி ரெண்டு வருஷம்தான்ப்பா. அந்தப் படத்தையா மாட்டுவீங்க?” என்றாள் அவள். மாட்ட முடியாது. அந்தப் படங்களில் மனைவியைவிட நோய்தான் அதிகம் தெரிந்தது. அதற்கு முந்தியவை பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அது என்றைக்கோ மண்டையைப் போட்டது. அப்போது அவர் கவலைப்படவில்லை. “அதான் ஆல்பம் இருக்கே” என்றாராம். மகள் ஞாபகப்படுத்தினாள்.

மறுநாள் காலை மைத்துனி வந்தாள். மனைவிக்கு ஒரே தங்கை, பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். கூடத்துத் தரை முழுக்க ஆல்பம் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“என்ன அத்தான், கடை போட்டுட்டீங்களா?”

விஷயத்தைச் சொன்னார். அவள் ஓர் ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டினாள்.

“இது எங்க அக்காவா, இல்ல முட்டைக்குள்ள மூஞ்சி வரைஞ்சிருக்கீங்களா?”

“முட்டை இல்ல. நீள்வட்டம். முட்டைன்னா ஒரு பக்கம் கூர்மையா இருக்கும்.”

“ரொம்ப முக்கியம்.” அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். “இதுல நானும் இருக்கணுமே? இந்தப் படம் எடுத்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“தோள் இருக்கு பாரு.”

“என் தோளா அது? நான் திரைச்சீலைன்னு நெனச்சேன்.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “நெஜமாவே ஒண்ணுகூட இல்லையா அத்தான்?”

“இல்ல.”

“நெகட்டிவ் இருக்குமே. பழைய பிலிம் கேமராதான?”

அவர் கத்தரிக்கோல் டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். உலகத்தில் எல்லோரும் நெகட்டிவைப் பத்திரமாக உறையில் போட்டு வைப்பார்கள். அவர் அப்படிப்பட்ட சாதாரண ஆள் இல்லை. ஆல்பம் வட்டத்தில் ஒரு வருடம் ‘பிலிம்சுருள் ஓரம்’ என்று ஓர் உத்தி வந்தது. பக்கத்தைச் சுற்றி நெகட்டிவையே பட்டையாக ஒட்டிவிட வேண்டியது. துளைத்துளையாக, சினிமா மாதிரி, பார்க்கப் பிரமாதமாக இருக்கும். வட்டத்தின் தலைவி, “வீட்ல சும்மா கிடக்கிற நெகட்டிவ கொண்டுவாங்க” என்றாள். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு கொண்டுவந்தார்கள். அவர் ஒரு பை நிறையக் கொண்டுபோனார்.

அதைச் சொல்லி முடித்தபோது மைத்துனி அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ எழுந்துவிட்டாள்.

“அப்ப தூக்கிப் போடலையே? ஒட்டித்தான வெச்சிருக்கீங்க? எங்க அது?”

அவருக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு நாளாக அவர் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தை அலங்காரம் என்று ஒருமுறை முடிவுகட்டிவிட்டால் அப்புறம் கண்ணில் படாது.

பிலிம் ஓரம் வைத்த பக்கங்கள் ஒன்பது இருந்தன. எட்டில் நெகட்டிவைக் கோணல்மாணலாக, அலைக் கத்தரியால் ஆசைதீர வெட்டியிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாதித் தலை, முக்கால் மரம். ஒன்பதாவதை அவர் எடுக்கவே இல்லை. மைத்துனிதான் எடுத்தாள்.

அது அவருடைய பரிசுப் பக்கம். வட்டத்தின் ஆண்டுப் போட்டியில் முதல் பரிசு. நடுவில் நீள்வட்டத்துக்குள் மனைவியின் முகம், வாய் லேசாகத் திறந்திருக்கும். கீழே ஊதா ஜிகினாவில் ‘பாடும் என் குயில்’. அவள் வேலை முடிந்து வார்டின் பின்வாசல் படியில் இறங்கி வரும்போது, புதிதாக வாங்கிய கேமராவில் எடுத்தது. பரிசளிப்பு அன்று தலைவி மைக்கில், “அப்படி என்ன பாட்டும்மா பாடினீங்க?” என்று கேட்டாள். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அது அவருக்கு மட்டும் தெரிஞ்ச பாட்டு” என்றாள். கைதட்டல். அவருக்கு என்ன பாட்டென்று தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினார்.

மேல் ஓரத்துப் பட்டையில் நாலு சட்டம், சட்டத்துக்கு ஒரு முழுப்படம். அளவு கச்சிதமாகப் பொருந்திப்போனதால் அதை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்.

“இத எடுத்தா பக்கம் கிழிஞ்சிரும்” என்றார்.

 மைத்துனி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவர் அந்தப் பக்கத்தை ஆல்பத்திலிருந்து கழற்றினார்.

அந்தக் காலத்துப் பசை இருபது வருடத்தில் எலும்பாகியிருந்தது. மைத்துனி தலைமுடி உலர்த்தியைக் கொண்டுவந்து சூடு காட்டினாள். அவர் பல்லிடுக்கில் விடுகிற நூலை எடுத்து நெகட்டிவுக்கு அடியில் விட்டு ரம்பம் மாதிரி இழுத்தார். இதுவும் வட்டத்தில் கற்றதுதான். ஒட்டக் கற்றுக்கொடுத்த நாளிலேயே பிரிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள், அதை மட்டும் அவர் ஒருநாளும் செய்துபார்த்ததில்லை.

“கிட்ட காட்டாத, உருகிரும்.”

“நான் காட்டுறது சரியாத்தான் இருக்கு. உங்க கை நடுங்குது.”

“நூல் வழுக்குது.”

“சரி, நூலுதான் நடுங்குது.”

முக்கால் மணி நேரம். முதலில் ஊதா ஜிகினா உதிர்ந்தது. பிறகு வண்ணத்தாள் தோல் உரிந்த மாதிரி வந்தது. குயிலில் பாதி கிழிந்து தரையில் விழுந்தது. முதல் பரிசு அதோடு தீர்ந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நெகட்டிவ் பட்டை கையில் வந்திருந்தது.

ஸ்டூடியோக்காரப் பெண் அதை வெள்ளைக் கையுறையில் வாங்கி, விளக்கில் சாய்த்துப் பார்த்தாள்.

“பசை பளபளப்பான பக்கத்துல இருக்கு, பிழைச்சீங்க. மறுபக்கமா இருந்தா படமே உரிஞ்சிருக்கும். யாருங்க இத ஒட்டினது?”

“யாரோ” என்றாள் மைத்துனி, அவரைப் பார்க்காமல்.

சுத்தம் செய்து, கருவியில் வைத்து, ஒவ்வொரு சட்டமாகத் திரையில் கொண்டுவந்தாள். முதலாவதில் வெறும் படிக்கட்டு. இரண்டாவதில் யாரோ ஒரு வார்டு ஊழியரின் முதுகு. மூன்றாவது வந்தது.

அவள் படியில் நின்றாள். தலை முதல் செருப்பு வரை. வெள்ளைச் சீருடை, தோளில் பை. இரண்டு கையும் இருந்தன. ஆனால் அவள் பாடவில்லை. இடது கை ஒரு கற்பனைக் கேமராவைப் பிடித்த மாதிரி கண்ணருகே இருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் அந்த இடது கையின் விரலைச் சுட்டிக்காட்டியது. வாய் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். படத்தின் இடது ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ரோஸ் நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு மங்கல்.

 மைத்துனிக்குத்தான் முதலில் புரிந்தது.

“அத்தான், இது பாட்டு இல்ல. ‘விரலை எடுங்க’ன்னு சொல்றா.”

அவர் திரைக்குக் கிட்டப் போனார். ஆமாம். ‘லென்ஸ்ல உங்க விரல் இருக்கு, எடுங்க’ என்று கையை வைத்துச் செய்தே காட்டுகிறாள். அச்சடித்து வந்த அன்று இந்த மங்கலைப் பார்த்துத்தான் அவர் வடிவத் தகட்டை மேலே வைத்து நீள்வட்டமாக வெட்டியிருக்க வேண்டும். அப்புறம் எல்லாப் படத்தையும். கலை, உத்தி என்று இருபது வருடம் வட்டத்தில் பேசியதெல்லாம் சொந்த விரலை மறைக்கிற வேலைதான் போல. அத்தனை பேர் பார்க்க மைக் முன்னால் நின்றபோதே அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், அவருக்கு மட்டும் தெரிந்த பாட்டு என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்து, எது எதனால் என்று பிரிக்க முடியாமல், ஸ்டூடியோவின் உயர முக்காலியில் உட்கார்ந்தார். மைத்துனி பையில் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்காமல் தன் கையாலேயே அவர் முதுகைத் தட்டினாள்.

ஸ்டூடியோக்காரப் பெண் கொஞ்சம் காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “அந்த ஓரத்த வெட்டிரவா சார்? ரெண்டு நிமிஷ வேலை. கை ரெண்டும் அப்படியே இருக்கும்.”

“வேண்டாம்மா.”

“படம் இன்னும் நல்லா நடுவுல வரும்.”

“வேண்டாம். இருக்கிறபடியே போடு.”

வெள்ளிக்கிழமை புதுப் பிரசவ அறையில், கை கழுவும் தொட்டிக்கு மேலே படத்தை மாட்டினார்கள். சுவரில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நர்ஸ்கள் பணிமாற்ற நேரத்தில் கும்பலாக வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி, “ஐயோ, அப்படியே அக்காதான்! எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லித்தந்ததும் இப்படித்தான், செஞ்சு காட்டி, வாயாலயும் திட்டி” என்றாள். இன்னொருத்தி அந்த விரல் தன்னைத்தான் சுட்டுகிறது என்று சட்டென்று சீருடைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தலைமை நர்ஸ் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“படம் பிரமாதம் சார். ஆனா இந்த ஓரத்துல ரோஸா ஏதோ நிக்குதே? தூணா, திரையா?”

அவர் கொஞ்சம் தொண்டையைச் செருமினார்.

“அது நான்தாம்மா.”

தலைமை நர்ஸ் அவரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிட்டப் போய்க் குனிந்து, அந்த மங்கலை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

“படத்துல நல்லாத்தான் சார் விழுந்திருக்கீங்க” என்றார்.