மிச்சம் பிடித்த வெல்வெட்

அன்று காலை கடையில் இருந்தவர்கள்: கடையை நடத்துகிற அண்ணி, துணி வெட்டுகிற அவள் கொழுந்தன், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் மாதிரி வாய் ஓயாததால் ஓவர்லாக் என்றே பெயர் வாங்கிய தையல்காரி. பின்னறைக் கட்டிலில் முதுகெலும்பு போய்ப் படுத்திருந்த அண்ணனையும் சேர்த்தால் நாலு பேர். அவனை யாரும் சேர்ப்பதில்லை.

மதியம் வண்டி வரும். அண்ணனை வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஆபரேஷன். திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும். அதுவரை கடைச் சாவி யாரிடம்? கொழுந்தனை விட்டால் வேறு நாதி இல்லை. ஆனால் அவனிடம் கொடுக்கலாமா என்பதுதான் அண்ணியின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த கேள்வி.

சந்தேகம் தியேட்டர் வேலையில் ஆரம்பித்தது. பஸ் சீட்டுக்கு ரெக்சின் உறை தைத்தே வளர்ந்த கடை அது. முதல் தடவையாக ஒரு தியேட்டருக்கு முழுக்க முழுக்க வெல்வெட், அதுவும் அடர் சிவப்பு. அண்ணி கணக்குப் போட்டுத் துணி வாங்கிக் கொடுத்தாள். வெட்டி முடித்ததும் கொழுந்தன் சொன்னான்: "சரியா இருந்துச்சு அண்ணி."

இத்தனை வருஷத்தில் எந்த வேலைக்கும் துணி சரியாக இருந்தது கிடையாது. ஒன்று பத்தாது, இல்லை மிஞ்சும். சரியாக இருந்தது என்றால் யாரோ சரி செய்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், வெட்டும்போது எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினான். தரையை அவனே கூட்டினான். துடைப்பத்தைக் கையால் தொட்டறியாதவன்.

வண்டிக்காரனைப் பார்த்துவரச் சொல்லி அவனை வெளியே அனுப்பினாள். அவன் தலை மறைந்ததும் வெட்டும் மேசைக்கு மேலே இருந்த பரணுக்கு ஏறினாள்.

"ஸ்டூலைக் கெட்டியாப் பிடிடி."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்க்கா. நீங்களும் விழுந்தீங்கன்னா அண்ணன் பக்கத்துல இன்னொரு கட்டில் போடணும். அறையில இடம் கிடையாது."

பழைய ரெக்சின் சுருளுக்குள் கை விட்டாள். உள்ளே வழவழவென்று இருந்தது. இழுத்தாள். வெல்வெட். வாலும் தலையும் தெரியாத பாம்பு மாதிரி வந்துகொண்டே இருந்தது.

இறங்கித் திரும்பினால் வாசலில் கொழுந்தன் நிற்கிறான்.

"இது என்ன தம்பி?"

"மிச்சம் அண்ணி."

"மிச்சம்னா மேசை மேல கிடக்கும். பரண்ல ரெக்சின் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தா அதுக்குப் பேரு பதுக்கல்."

"சேத்து வெச்சேன்."

"யாருக்கு?"

"கடைக்குத்தான், வேற யாருக்கு?"

"கடைக்குச் சேக்கிறவன் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த தடவை அந்த அளவுக்குக் குறைச்சு வாங்குவீங்க. அப்புறம் பத்தலைன்னா என் தலையை உருட்டுவீங்க. போன தடவை ஒரு சாண் பத்தலைன்னு வாரம் முழுக்கத் திட்டினீங்களா இல்லையா?"

"ஒரு சாண் இல்லண்ணே, நாலு விரக்கடை" என்றாள் ஓவர்லாக். "அதுக்கே அந்தப் பேச்சு."

"நீ வாயைத் தை முதல்ல" என்றாள் அண்ணி.

அவன் சொன்னது நம்புகிற மாதிரிதான் இருந்தது. அதனாலேயே அண்ணிக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன் இவ்வளவு கோர்வையாகப் பேசுகிறான் என்றால், எத்தனை நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தானோ. சொந்தக் கடை போடுகிற எண்ணமா? யார் தூண்டிவிடுகிறார்கள்?

அடுத்த கேள்வியை அவள் கேட்பதற்குள் தியேட்டர் மேனேஜர் உள்ளே நுழைந்தார். தோளில் இரண்டு சீட் உறைகள், பிய்த்தெடுத்த கையோடு.

"என்னம்மா, தியேட்டருக்குத் தைச்சீங்களா, செஸ் விளையாடத் தைச்சீங்களா?" இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். "விளக்கைப் போட்டா ஒரு சீட்டு சிவப்பு, அடுத்தது கறுப்பு. எங்க முதலாளி சிரிக்கிறாரு. அவரு சிரிச்சாத்தான் எனக்குப் பயம்."

ஒரே சுருளில் வெட்டிய ஒரே துணி. ஆனால் ஒன்று சிவப்பு, ஒன்று கிட்டத்தட்டக் கறுப்பு. அண்ணி சிவப்பை மேலிருந்து கீழாகத் தடவினாள். பூனை முதுகு மாதிரி போயிற்று. கறுப்பைத் தடவினாள். உள்ளங்கையில் எதிர்த்து நின்றது. வெல்வெட்டின் முடி ஒரு பக்கமாகத்தான் படியும். அந்தப் பக்கம் மாறினால் நிறமும் மாறும். தனித்தனியாகத் தைத்து மடித்து அடுக்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாது. வரிசையாக மாட்டி விளக்கைப் போட்டால்தான் பல்லிளிக்கும்.

"தலைகீழாத் திருப்பி வெட்டினியா?"

"சீட்டு முதுகு மேல குறுகல், கீழ அகலம். ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா போட்டா நடுவுல வீணாகாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

"அது ரெக்சினுக்குடா."

"வெல்வெட்டுக்கு வேறன்னு நீங்க சொல்லல."

அவளுக்கே இப்போது தடவிப் பார்த்துத்தான் தெரிந்தது. அதை அவள் சொல்லவும் இல்லை. மேனேஜரிடம், கறுப்பாய்த் தெரிகிற அத்தனையும் வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டு அனுப்பிவைத்தாள்.

ஆக, திருட்டு இல்லை. மிச்சம் வந்த வழி தெரிந்துவிட்டது. மனம் ஆறவேண்டிய இடம் அது. ஆறவில்லை. மேசைமேல் கிடந்த சுருளைப் பார்த்தாள். சீட்டில் பாதியைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கிறான். அதற்கு இவ்வளவுதானா மிஞ்சும்?

"இன்னும் எங்கயாவது இருக்கா?"

அவன் சுருளை எடுத்து மறுபடி இறுக்கிச் சுற்றினான். "இல்ல அண்ணி."

அண்ணி ஓவர்லாக்கைப் பார்த்தாள். நாலு விரக்கடைக்கு வாய் திறந்தவள் இப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

வெளியே ஹாரன் அடித்தது. பின்னறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்: "வண்டி வந்திருச்சாடி? உங்க பஞ்சாயத்தை நான் செத்த பிறகு வெச்சுக்கங்க."

கொழுந்தன்தான் அவனைக் குழந்தை மாதிரி அலுங்காமல் தூக்கி வண்டியில் படுக்க வைத்தான். தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்தான். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்து கையை நீட்டினான்.

"சாவியைக் கொடுங்க அண்ணி. வெள்ளிக்கிழமைக்கு இப்பவே உக்காந்தாத்தான் ஆகும்."

அவன் வாய்விட்டுச் சாவி கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமை போயிற்று, தியேட்டர் போயிற்று, கடையும் போயிற்று. இடுப்பிலிருந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் சட்டென்று மூடிக்கொண்டன.

"தினமும் போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க."

"ஓவர்லாக், பாத்துக்கடி."

"சரிக்கா" என்றாள் ஓவர்லாக். அவ்வளவுதான் சொன்னாள்.

அண்ணி படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். பட்டப்பகலில் அந்தக் கடைக் கதவை யாரும் சாத்தியது கிடையாது. வண்டியில் ஒரு காலை வைத்தபோது, கொழுந்தனும் ஓவர்லாக்கும் உள்ளே இருக்க, முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி ஒருமுறை திரும்பியது, இன்னொரு முறையும்.