வினாயகபுரத்துக் கடலில் கேட்கும் சத்தம்

கல்முனைக்குடி ஜுனைதா கராத்தே வகுப்பில் போட்ட சத்தங்களில் ஒன்றுகூட அந்த வகுப்பில் கேட்டதில்லை. அவை எல்லாம் தெற்கே, பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகும் வினாயகபுரத்துக் கடலில், கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கேட்டன. இது தொடங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. இப்போது இரண்டு ஊரிலும் யாரும் இதை ஒரு கதையாகக் கதைப்பதில்லை. பசளை விலை, பிள்ளைகளின் சோதனை, மாடுகள் வயலுக்குள் இறங்குவது என்று கதைப்பதற்கு வேறு விஷயங்கள் போதியளவு இருக்கின்றன.

ஜுனைதாவின் கணவர் சரீப் பகலில் பாடசாலையில் கணக்குப் படிப்பிப்பவர், பின்னேரத்தில் ஷொடோக்கான் கராத்தே பழக்குபவர். கடற்கரை வீதியில் ஜுனைதாவின் வாப்பா நடத்தி மூடிய நெல் ஆலையின் களஞ்சியம்தான் அவர்களுடைய டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம். காலங்காலமாக நெல்லும் சாக்கும் உரசித் தேய்ந்த சிமெந்துத் தரை, வெறுங்காலுக்கு அப்படி ஒரு சுகம். மாரியில் இன்னும் உமி வாசம் அடிக்கும். சனிக்கிழமைகளில் குடும்ப வகுப்பு. அன்றைக்கு வாப்பாவும் மகனும், உம்மாவும் மகளும் ஒரே வரிசையில் நின்று குத்துவார்கள். வீட்டில் பிள்ளையை அதட்டுகிற வாப்பா இங்கே பிள்ளையைப் பார்த்துப் பார்த்துக் காலை மாற்றி வைப்பார். பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் தமிழ்க் குடும்பங்களும் வந்து பழகுகின்றன. மனிதருக்கு முன்னால் குனிவதில்லை என்பதால் இந்த டோஜோவில் குனிந்து வணங்கும் வழக்கம் இல்லை. வகுப்புத் தொடங்கும்போதும் முடியும்போதும் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொல்வார்கள், காரைதீவுப் பிள்ளைகள் கைகூப்புவார்கள். யப்பான்காரர் பார்த்தால் என்ன சொல்வார்களோ தெரியாது, கேட்கவும் யாரும் போகவில்லை.

ஜுனைதா முதலில் சுவரோரக் கதிரையில் இருந்து மகள் அஸ்னாவைப் பார்த்துக்கொண்டிருந்த உம்மாமாரில் ஒருத்தி. பார்த்தே பாதி பழகிவிட்டாள். ஒரு சனிக்கிழமை எழுந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அதன் பிறகு அவளைக் கதிரையில் கண்டவர் இல்லை. குத்து, தடுப்பு, உதை எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிக்கல் கியாயில்தான் வந்தது. அடி விழுகிற கணத்தில் அடிவயிற்றிலிருந்து எழுப்புகிற சத்தத்துக்குத்தான் கியாய் என்று பெயர். ஜுனைதா வாயைத் திறப்பாள், கழுத்து நரம்பு புடைக்கும், கண் சிவக்கும், ஒன்றும் கேட்காது. வெட்கம் என்று நினைத்தார்கள். ஆனால் அதே ஜுனைதா சாப்பிட வரச்சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டால் மூன்று வளவுக்குக் கேட்கும். மீன்காரனோடு பேரம் பேசினால் சந்தி வரை கேட்கும். தொண்டை வைத்தியர் பார்த்தார், ஒரு பிழையும் இல்லை என்றார். ஓதித் தந்த தண்ணீரும் குடித்தாள். சரீப்தான் இரண்டொரு முறை பகிடி விட்டுப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் அதையும் நிறுத்திக்கொண்டார்.

அதே மாதங்களில் வினாயகபுரத்து மீனவர்கள் கடலில் ஒரு பெண்ணின் சத்தத்தைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். காற்றில்லாத பின்னேரங்களில், படகுக்கு மிக அருகே, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே இருந்து அது வெடித்து எழும்பும். முதலில் பயந்தார்கள். கோயிலில் பொங்கல் வைத்துப் பார்த்தார்கள். சத்தம் பொங்கலை மதிக்கவில்லை. பிறகு ஒன்றைக் கவனித்தார்கள்: சத்தம் கேட்ட இடத்தில் சிறிது நேரத்துக்குள் கீரிமீன் கூட்டம் மேலே கிளம்பியது, அள்ளி முடியாத அளவுக்கு. அத்தோடு பயம் போய்விட்டது. மீன் தருகிற சத்தம் பேயின் சத்தமாக இருக்க முடியாது என்று கரைவலைக்காரர் கனகசபாபதி சொன்னார், ஊர் ஏற்றுக்கொண்டது.

இரண்டையும் முடிச்சுப் போட்டவரும் கனகசபாபதிதான். படகு இயந்திரத்துக்கு ஒரு சாமான் வாங்கக் கல்முனைக்கு வந்தவர், டோஜோவின் திறந்த கதவருகே நின்று கடலில் இருந்த மருமகனோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பெண் முன்னுக்குப் பாய்ந்து குத்தி வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. அதே கணம் மருமகன், “மாமா, இந்தா கேட்டிச்சு” என்றான். தொலைபேசியில் அலை இரைச்சல் மட்டுந்தான் வந்தது. அந்தச் சத்தம் எந்தக் கருவிக்குள்ளும் ஏறுவதில்லை என்பது பின்னால் தெரிந்தது. கனகசபாபதி இன்னும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

“தங்கச்சி, உங்கட சத்தம் எங்கட கடலுக்குள்ளதான் கேக்குது. பின்னேரத்தில கேட்டா எங்களுக்கு அவ்வளவு பிரயோசனம் இல்ல. விடியக்காலம போட்டீங்க எண்டா வலைக்கு நல்லம்.”

ஜுனைதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் வாசல் தேடி வந்து கேட்டவரை இல்லை என்று அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றிலிருந்து சுபஹு தொழுதுவிட்டு, விடியும் வெள்ளாப்பில் களஞ்சியத்தைத் திறந்து தனியே பயிற்சி செய்தாள். வினாயகபுரத்தில் வலை நிறைந்தது. கனகசபாபதியின் மனைவி செல்லத்தங்கம் அவ்வப்போது பஸ்ஸில் ஒரு கூடை கீரிமீன் அனுப்பி வைப்பாள். ஜுனைதா மீனைச் சுத்தம் செய்யும்போது, இந்த மீன்கள்கூடத் தன் சத்தத்தைக் கேட்டிருக்கின்றன, தான் மட்டும் கேட்கவில்லையே என்று நினைப்பாள். அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

இப்படியே போயிருக்கும், பெண்பிள்ளைகள் வளராமல் இருந்திருந்தால். பத்துப் பன்னிரண்டு வயதானதும் அவர்களை உம்மாமார் ஒவ்வொருவராக மறித்தார்கள். கையைப் பிடித்து நிலையைத் திருத்த ஒரு பெண் இருந்தால் அனுப்புவோம், ஆண் என்றால் வேண்டாம் என்றார்கள். சரீப்புக்கும் அது நியாயமாகவே பட்டது. ஜுனைதா பழக்கலாம்தான், ஆனால் தனியே வகுப்பு எடுப்பவர் கறுப்புப் பட்டி வாங்கியிருக்க வேண்டும் என்பது கராத்தே சங்கத்தின் சட்டம், ஜுனைதாவின் இடுப்பில் கிடந்ததோ மண்ணிறப் பட்டி. அடுத்த வருடம் அஸ்னாவின் முறை. அவள் இப்போதே, “நானும் நிக்கணுமா உம்மா?” என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

கறுப்புப் பட்டிச் சோதனைக்குக் கொழும்பிலிருந்து பஸால் சென்செய் வருவார். ஆசிரியரைச் சென்செய் என்பது கராத்தேக்காரர் வழக்கம். பஸால் சிரித்ததை அவருடைய மனைவி கண்டிருக்கலாம் என்பது ஊர்க் கணிப்பு. ஜுனைதா ‘பஸ்ஸாய் தாய்’ செய்தாள். அது எதிரிகள் சூழ நிற்பதாக நினைத்துத் தனியே செய்து காட்டும் ஒரு நீண்ட அசைவுக் கோவை. இரண்டு இடங்களில் கியாய் வரும். கால் பிசகவில்லை, இடுப்புப் பிசகவில்லை, தொடங்கிய இடத்திலேயே வந்து முடித்தாள். இரண்டு கியாயும் வினாயகபுரத்தில் கேட்டன. பஸால், “கியாய் இல்லை” என்று சொல்லிப் பேனையை மூடினார்.

அடுத்த சோதனையின்போது இந்த ஊரார் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையைச் செய்தார்கள். சத்தம் வினாயகபுரத்தில் கேட்கிறது என்றால் சோதனையையே அங்கே கொண்டுபோவோம் என்று முடிவெடுத்து, ஒரு பஸ் பிடித்து, சோற்றுப் பொதியும் தேத்தண்ணிப் போத்தலுமாக டோஜோவே கிளம்பிப் போனது. பஸாலையும் எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்தார் சரீப். கடற்கரையில் இரண்டு ஊரும் திரண்டு நிற்க, ஜுனைதா ஈர மணலில் கட்டுக் குலையாமல் செய்தாள், வாயைத் திறந்தாள். கடல் பேசாமல் கிடந்தது. அந்நேரம் சரீப்பின் தொலைபேசி அடித்தது. டோஜோவின் காவலாளி முகைதீன்பாவா மூச்சு வாங்கக் கதைத்தார். “சேர், ஆரோ ஒரு பொம்புள களஞ்சியத்துக்குள்ள நிண்டு கத்துறா. பூட்டு பூட்டினபடியே இரிக்கி. நான் வாங்கில இருந்து விழுந்து இடுப்பும் போயிட்டு.”

அப்போதுதான் விஷயம் எல்லோருக்கும் விளங்கியது. சத்தம் வினாயகபுரத்துக்குச் சொந்தமல்ல. ஜுனைதா நிற்கிற இடத்தில் அது நிற்பதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு வினாயகபுரத்தாருக்கு மீனும் இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அஸ்னா உம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

மூன்றாம் முறை பஸால் களஞ்சியத்துக்குள் நுழைந்ததும், ஜுனைதா வரிசைக்குப் போவதற்கு முன்பே அவர் சொன்னார்: “மிஸிஸ் சரீப், எனக்குக் கேட்காத சத்தத்துக்கு நான் புள்ளி போட ஏலாது.” ஜுனைதா நெஞ்சில் கையை வைத்து ஸலாம் சொன்னாள். பிறகு சந்தி வரை கேட்கிற தன் மற்றக் குரலில், “அப்ப கேக்கிற இடத்துக்கு நீங்க போங்க சென்செய். நான் இஞ்சதான் நிப்பன்” என்றாள். சரீப் தரையைப் பார்த்தார். பெரிய சென்செய்க்கு முன்னால் இப்படிக் கதைத்தவர் அதுவரை இல்லை. பஸால் அவளுடைய பாதங்களைப் பார்த்தார். தேய்ந்து தடித்த, வருடக்கணக்காக விடியற்காலையில் சிமெந்தில் நின்ற பாதங்கள். பிறகு தான் வந்த வாகனத்தின் சாவியைக் கேட்டு வாங்கினார். கூட வந்த உதவிப் பரீட்சகரை அசைவுகளைக் கவனிக்கக் களஞ்சியத்தில் விட்டுவிட்டுத் தெற்கே போனார்.

கனகசபாபதியின் படகில் அவரை ஏற்றினார்கள். வெள்ளைச் சீருடை, கறுப்புப் பட்டி, காலில் மட்டும் ஒன்றுமில்லை. கரையலையைத் தாண்டுமுன்னே இரண்டு முறை வாந்தி எடுத்தார். மீனவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். மருமகன் தொலைபேசியில் “சரி, தொடங்கச் சொல்லுங்க” என்றான். கல்முனைக்குடியில் ஜுனைதா தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில், பஸாலின் முகத்துக்கு எதிரே, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே இருந்து அந்தச் சத்தம் வெடித்தது. படகின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் எழுந்து நின்றார். குதிகால் இரண்டும் சேர்ந்தன, முதுகு நிமிர்ந்தது, ஆடுகிற படகில் அவர் ஆடவில்லை. இரண்டாவது சத்தம் வரும் வரைக்கும் அப்படியே நின்றார். அது வந்ததும் நெஞ்சில் கையை வைத்தார். கீரிமீன் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு மேலே வந்தது, சில அவருடைய காலடியிலும் துள்ளி விழுந்தன. கரைக்கு வந்து தொலைபேசியை வாங்கி, “முதலாவது கொஞ்சம் அவசரம். ரெண்டாவதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. பட்டியைக் கட்டச் சொல்லுங்க” என்றார். சிரித்தார் என்று கனகசபாபதி சொல்கிறார். அதற்கு வேறு சாட்சி இல்லை.

அடுத்த வகுப்பன்று செல்லத்தங்கம் தானே கூடையைத் தூக்கிக்கொண்டு கல்முனைக்கு வந்தாள். இதுவரை அவள் அனுப்பிய மீன்தான் வந்திருக்கிறது, அவள் வந்ததில்லை. களஞ்சியம் நிறையப் பெண்பிள்ளைகள், இடையில் நின்றவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள், முன் வரிசையில் அஸ்னா. புதுப் பட்டி இன்னும் வளைந்து கொடுக்காமல் ஜுனைதாவின் இடுப்பில் விறைத்து நின்றது. கூடையை வாங்கிக்கொண்டு, வெகு காலமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அவள் மெல்லக் கேட்டாள்.

“அக்கா, அது எப்பிடி இரிக்கும்?”

“எது புள்ள?”

“என்ட சத்தம்.”

செல்லத்தங்கம் அவளை வெறித்துப் பார்த்தாள். “இத்தின வருசமா நீ கேக்கவே இல்லையா?”

“ஒரு நாளும் இல்லக்கா.”

“அப்ப பொறு” என்றாள் செல்லத்தங்கம். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். காலை அகட்டி வைத்தாள். வருடக்கணக்காகக் கரையில் நின்று கேட்டுப் பழகிய அந்தச் சத்தத்தை, அதன் ஏற்றமும் முடிவில் வருகிற வெட்டும் மாறாமல், களஞ்சியத்தின் தகரம் அதிரப் போட்டாள். பிள்ளைகள் அத்தனை பேரும் தம்மை அறியாமல் ஓர் அடி முன்னே பாய்ந்து குத்தினார்கள். கதவடியில் தான் உட்கார்ந்திருந்த வாங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த முகைதீன்பாவா, “அதேதான். அண்டைக்கு என்ன விழுத்தின சத்தம் இதுதான்” என்று உறுதி சொன்னார். ஜுனைதா வகுப்புக்கு முன்னால் நின்றபடியே அழுதாள். தன்னுடைய சத்தம் இவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. சந்தோஷம் தாங்காமல் அழுத அழுகை அது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அஸ்னாவின் பின்காலைக் கையால் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் டோஜோ பூட்டு. அன்றைக்கு வினாயகபுரத்தை அடுத்த திருக்கோவில் பக்கம் கீரிமீன் விலை சற்று ஏறியிருக்கும். வாங்க வருகிறவர்கள் காரணம் கேட்பதில்லை. “சரி, நாளைக்கு ஜுனைதா கத்துவா” என்று சொல்லிவிட்டுச் சூடைமீன் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.