மறு உத்தரவு

நகராட்சியில் தடை அறிவிப்பு எழுதுவது அவள் வேலை. சாயும் சுவரோ உடைந்த படிக்கட்டோ, பொறியாளர் பார்த்துச் சொல்வார். ஆணையர் கையெழுத்துப் போடுவார். நடுவில் இருக்கும் வார்த்தைகள் மட்டும் அவளுடையவை. ‘பொதுமக்களின் பாதுகாப்பு கருதி, மறு உத்தரவு வரும் வரை’ என்று அவள் விரல்கள் தாமாகவே தட்டிவிடும்.

அன்று காலை மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் விரிசல் கண்டது. தொட்டிக்குக் கீழே இருந்த தெருவை மூடச் சொல்லி அவள் எழுதிய தாள் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்ததும், குடியிருந்தவர்கள் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும் அசையவில்லை. மாடியில் தையற்கடை வைத்து, பின்னறையிலேயே குடியிருக்கும் அவளுடைய அக்கா.

அவள் போய்ச் சேர்ந்தபோது தொட்டியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் சாக்கடையில் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. முழுதும் வடியச் சாயங்காலம் ஆகுமாம். அதுவரை தூண் தாங்குமா என்று பொறியாளருக்கே நிச்சயமில்லை. சிவப்பு நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்ற பெண் போலீஸ் அவளைப் பார்த்ததும் நிம்மதியானாள்.

“உங்க அக்காவாமே. பேசிப் பாருங்க. இல்லன்னா நாங்க போய்த் தூக்கிட்டு வரணும். அதுவும் ஆர்டர்லயே இருக்கு.”

இருந்தது. ‘அப்புறப்படுத்தப்படுவர்’ என்று அவள்தான் எழுதியிருந்தாள். குப்பைக்கும் அதே சொல்லைத்தான் போடுவாள். அதற்குக் கை கால் முளைத்து, அக்காவின் மாடிப்படியில் ஏறும் என்று நினைத்ததில்லை.

ஜன்னலில் அக்கா தெரிந்தாள். கழுத்தில் அளவு நாடா.

“என்னடி, நீயே வந்துட்டியா? நோட்டீஸ் படிச்சேன். எழுத்தெல்லாம் அழகாத்தான் இருக்கு.”

“இறங்கி வாக்கா. விளையாடாத.”

“வரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த மறு உத்தரவ யாரு எழுதுவா?”

அவள் தெருமுனையில் ஒட்டியிருந்த தன் தாளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்த வார்த்தை அவளுக்கு வாக்கியத்தில் வைக்கும் புள்ளி மாதிரி. புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

“தெரியாதுல்ல? நூலகத்துப் பின்னாடி படிக்கட்டு ஞாபகம் இருக்கா?”

கைப்பிடி உடைந்ததென்று அவள் நோட்டீஸ் எழுதி மூடிய படிக்கட்டு. புதுக் கைப்பிடி போட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. தடை மட்டும் இன்னும் தொங்குகிறது. வெயிலில் எழுத்துகூட வெளுத்துவிட்டது. அந்தப் படிக்கு மேலேதான் அக்காவின் முதல் கடை. அதை ஏன் காலி செய்தாள் என்று கேட்டபோது, இடம் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தாள். படி ஏறி வர ஆள் இல்லாத கடை எப்படிப் பிடிக்கும்? நோட்டீஸ் எழுதியது யார் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

“சொல்லியிருக்கலாமேக்கா.”

“தங்கச்சி உத்தியோகத்துல போய் என்ன குறை சொல்றது. ஒரு சட்டை தச்சாக்கூட, நாளைக்குப் பிரிக்கணும்னா ஆகும்னு உள்ள துணி விட்டுத்தான் தைக்கிறேன். நீ ஒரு இஞ்சுகூட விடலியேடி.”

பெண் போலீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள்.

அவள் சற்றுத் தள்ளிப்போய் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மறு உத்தரவுக்கு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கண்காணிப்பாளரிடம் கேட்டாள். மூடுவதற்கு வகைக்கு ஒன்றாக மாதிரி இருக்கிறது, திறப்பதற்கு யாரும் கேட்டதில்லையே அம்மா என்றார் அவர். அவர் குரலிலும் ஒரு வியப்பு. உடனே அடுத்த போன், ஆணையருக்கு. அறிவிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள்: வெள்ளிக்கிழமை பொறியாளர் மறுபடி பார்ப்பார், திறக்கலாமா கூடாதா என்பது அன்றே இங்கே ஒட்டப்படும்.

“எழுதிட்டா நாம கட்டுப்பட்டவங்க ஆயிடுவோமே,” என்றார் ஆணையர்.

“ஆமா மேடம்.”

நாடாவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இரைந்துகொண்டே இருந்தது.

“சரி, கையாலயே எழுதுங்க. வந்து கையெழுத்துப் போடறேன்.”

பெண் போலீஸிடம் பேனா வாங்கி, தடுப்பில் தாளை அழுத்தி எழுதி, மேலே பார்த்து உரக்கப் படித்தாள். ஜன்னல் மூடியது. அக்கா வரமாட்டாளோ என்று மாடிப்படியையே பார்த்து நின்ற அந்தச் சில நொடிகளில், திறப்பதற்கான உத்தரவு எந்த வார்த்தையில் தொடங்கும் என்ற யோசனையும் கூடவே ஓடியது. இந்த நேரத்தில் இது ஒரு யோசனையா என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் ஓடியது.

அக்கா இறங்கி வந்தாள். கையில் கத்தரிக்கோலும் பாதி தைத்த துணியும். தாளை ஒருமுறை தானே படித்துப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை கூடாதுன்னு வந்தா?”

“அடுத்து எப்பப் பாப்பாங்கன்னு சேத்து எழுதுவேன்.”

“திறக்கலாம்னு வந்தா எப்படி எழுதுவ?”

“தெரியலக்கா. இதுவரைக்கும் எழுதுனதே இல்ல.”

இருவரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார்கள். பெண் போலீஸ் நாடாவை மறுபடி இழுத்து, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“கொஞ்சம் அவுக்கிற மாதிரி கட்டும்மா.”